மருந்து எதிர்ப்புக் காசநோய்: சிகிச்சை உள்ளூரிலா, சென்னைப் பெரிய மருத்துவமனையிலா?

செங்கத்தான் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என் அக்காவின் கணவருக்கு 42 வயது. செங்கத்துக்கு அருகில் ஒரு கிராமத்தில் வசிக்கிறார். செங்கல் சூளையில் வேலை. விடாத இருமலும் மாலையானால் காய்ச்சலுமாக இருந்தவருக்கு அரசு மருத்துவமனையில் ட்ரூநாட் கருவியில் சளியைச் சோதித்தார்கள். காசநோய் இருப்பதும், வழக்கமாகக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் மருந்துக்கு இந்தக் கிருமி கட்டுப்படாது என்பதும் ஒரே நாளில் தெரிந்துவிட்டன. சில ஆண்டுகளுக்கு முன் ஒருமுறை காசநோய்க்கு மாத்திரை சாப்பிடத் தொடங்கி, உடம்பு தேறியதும் இடையிலேயே நிறுத்திவிட்டவர் அவர்.

திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இரத்தம், இ.சி.ஜி., கண் ஆகியவற்றைப் பரிசோதித்து, 6 மாத மாத்திரைச் சிகிச்சையை அங்கே தொடங்கிவிட்டு, மீதியை எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் மேற்பார்வையில் வீட்டிலிருந்தே தொடரலாம் என்று மாவட்டக் காசநோய் மையத்தில் சொல்கிறார்கள். வீட்டுப் பெரியவர்கள் இதற்கு ஒப்பவில்லை. "சாதாரண டிபிக்கே தாம்பரம் டிபி ஆஸ்பத்திரியில் போய்த் தங்கினார்கள், மருந்துக்கு அடங்காத டிபியை நர்சம்மாவை நம்பி ஊரில் வைத்துக்கொள்வதா?" என்று கேட்கிறார்கள். வீட்டில் 4 வயது மகனும், மாமாவின் வயதான தாயாரும் இருக்கிறார்கள். மாமாவோ சூளை முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருப்பதால் எங்கும் போகத் தயங்குகிறார்.

ஊரில் தரும் சிகிச்சை இரண்டாந்தரமானதா? சென்னைக்கு அழைத்துப் போவதால் உண்மையில் என்ன கூடுதலாகக் கிடைக்கும்? மருத்துவம் அறிந்தவர்களும் இந்தச் சிகிச்சையைக் கடந்து வந்தவர்களும் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற எஸ்.டி.எஸ். (மறுமொழி):

தம்பி, காசநோய்ப் பிரிவில் சிகிச்சை மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் பெரியவர்களின் அச்சம் பழைய காலத்து நடைமுறையிலிருந்து வருவது. அக்காலத்துக்கு அது நியாயமும்கூட. அன்று சளி மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி, கிருமியை வளர்த்து, எந்த மருந்து வேலை செய்யும் என்று தெரிந்துகொள்வதற்குள் இரண்டு மூன்று மாதங்கள் ஓடிவிடும். அதன் பிறகு ஆறு மாதத்துக்குக் குறையாமல் கனமைசின் ஊசி, அதோடு இரண்டு ஆண்டுகள் வரை கைநிறைய மாத்திரைகள். காது கேட்காமல் போனவர்களையும் மனம் கலங்கிப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட மருந்துகளைப் பெரிய மருத்துவமனையில் சேர்த்துத்தான் தொடங்க வேண்டும் என்பதில் பொருள் இருந்தது.

இன்று நிலைமை வேறு. கனமைசினை உலக சுகாதார நிறுவனம் 2018இல் விலக்கச் சொல்லிவிட்டது. பெடாகுவிலின், பிரிடோமனிட், லினிசோலிட், மாக்ஸிஃப்ளாக்சசின் ஆகிய நான்கையும் 26 வாரங்கள் வாய்வழியாகக் கொடுக்கும் முறைக்கு மத்திய சுகாதார அமைச்சகம் 2024 செப்டம்பரில் ஒப்புதல் அளித்தது. உங்கள் மாமாவுக்குச் சொன்னது இதுவாகத்தான் இருக்க வேண்டும். ஊசியே இல்லாத இந்தச் சிகிச்சையில், நடமாடக்கூடிய ஒருவரை ஆறு மாதம் சென்னைக் கட்டிலில் படுக்க வைப்பதால் மருந்தின் வீரியம் கூடிவிடப் போவதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் பார்த்தவரை, தூரத்து மருத்துவமனைக்குப் பரிந்துரைச் சீட்டு எழுதிக் கொடுத்ததுமே சிகிச்சை தொடங்கிவிட்டதாக அலுவலகம் நினைத்துக்கொள்ளும். அந்தச் சீட்டு மடித்த நிலையில் சட்டைப் பையிலேயே கிடக்கும். அடுத்த வாரம் போகிறேன், பொங்கல் முடியட்டும், கூலி வரட்டும் என்று நாள் கடத்தியவரை நான் தேடிப் போகும்போது, அவர் வீட்டில் இன்னொருவர் இருமிக்கொண்டிருப்பார். முன்பணம் வாங்கிய சூளைத் தொழிலாளிக்கு இந்த ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். ஆகவே திருவண்ணாமலையில் உடனே தொடங்க முடியுமானால் தொடங்கிவிடுங்கள். நோயாளிக்கும் உடன் வருபவருக்கும் பேருந்துக் கட்டணத்தைத் திரும்பப் பெற வழி இருக்கிறது. ஊட்டச்சத்துக்காக மாதம் 1000 ரூபாய் அவர் வங்கிக் கணக்கில் வர வேண்டும், 2024 நவம்பருக்கு முன்பு அது 500 ரூபாயாக இருந்தது. வங்கிக் கணக்கு விவரத்தை முதல் நாளே கொடுத்துவிடுங்கள். பணம் தாமதமாவது பெரும்பாலும் அங்கேதான்.

நெஞ்சக நோய் மருத்துவர் (மறுமொழி):

மேலே ஐயா எழுதியதில் பெரும்பகுதியுடன் உடன்படுகிறேன். மருத்துவமனைக் கட்டிலை அவர் சற்று எளிதாக ஒதுக்கிவிட்டார் என்பது மட்டும் என் எண்ணம். காசநோயால் இறப்பவர்களில் பலர் சிகிச்சை தொடங்கிய முதல் சில வாரங்களிலேயே இறக்கிறார்கள். அவர்களுக்கு மருந்து பயன் தரும்வரை உடல் தாங்குவதில்லை. இதைக் கருத்தில் கொண்டுதான் 2022இல் தமிழ்நாட்டில் காசநோய் இறப்பில்லாத் திட்டம் தொடங்கப்பட்டது. எக்ஸ்ரேயோ ஆய்வகமோ தேவைப்படாத சில அளவீடுகளை வைத்தே யாரை உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டும் என்று அதில் முடிவு செய்கிறார்கள். பிடிமானம் இல்லாமல் நிற்க முடியவில்லையா, மூச்சு நிமிடத்துக்கு 24ஐத் தாண்டுகிறதா, இரத்தத்தில் ஆக்சிஜன் 94 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கிறதா, உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. 14 அல்லது அதற்கும் குறைவா, 16க்குள் இருந்து காலில் வீக்கமும் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். மருந்துக்குக் கட்டுப்படும் காசநோயாளிகளுக்காகவே இது முதலில் வகுக்கப்பட்டது என்றாலும், உங்கள் மாமாவைப் பற்றி முடிவெடுக்கவும் நான் இவற்றைத்தான் முதலில் பார்ப்பேன். இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் அவரை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. அப்போதும் சென்னைதான் என்றில்லை, மாவட்டத் தலைநகர மருத்துவமனையிலேயே சேர்க்கலாம்.

இவை எதுவும் இல்லாதவர் வீட்டிலிருந்தே சிகிச்சை பெறலாம். ஆனால் ஊரில் கிடைக்க வேண்டியது மாத்திரை மட்டும் அன்று. லினிசோலிட் நரம்பையும் எலும்பு மஜ்ஜையையும் தாக்கக்கூடியது. பாதம் எரிகிறது என்றும், செருப்பு கழன்று போனதே தெரியவில்லை என்றும் நோயாளி சொல்லும்போது காலிஃபிளவரை நிறுத்து, கத்தரிக்காயை நிறுத்து என்று சொல்லி அனுப்பும் இடமாக அந்த நிலையம் இருந்துவிடக் கூடாது. ஹீமோகுளோபினும் மற்ற இரத்த அணுக்களும் குறைகின்றனவா என்று முதல் வாரங்களிலும் பிறகு மாதந்தோறும் பார்க்க வேண்டும். பார்வை மங்கினாலோ சிவப்பும் பச்சையும் வேறுபாடு தெரியாமல் போனாலோ அன்றே கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும், ஏனெனில் அந்தப் பாதிப்பு நிலைத்துவிடக்கூடும். பெடாகுவிலின், மாக்ஸிஃப்ளாக்சசின் இரண்டும் ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு இதயம் மின்னளவில் மீள எடுக்கும் நேரமான க்யூ.டி. இடைவெளியை நீட்டி, துடிப்பைத் தாறுமாறாக்கக்கூடியவை என்பதால் இ.சி.ஜி. தேவை. பிரிடோமனிட் கல்லீரலைப் பாதிக்கலாம். இந்தப் பரிசோதனைகளும் அவற்றைப் படித்துச் சொல்ல ஒருவரும் ஊருக்கு எட்டும் தூரத்தில் இல்லாமல் மாத்திரையை மட்டும் கிராமத்துக்கு அனுப்பிவிட்டு அதைப் பரவலாக்கம் என்று சொல்வது, பெரிய மருத்துவமனை தன் சுமையைக் கீழே இறக்கி வைப்பதற்கு வைத்த நல்ல பெயர், அவ்வளவுதான்.

மருத்துவர்களே மறந்துவிடும் ஒரு சிறு செய்தியும் உண்டு. இந்த மாத்திரைகளால் வாந்தி வருவது சாதாரணம். வாந்திக்கு மருந்துக்கடையில் மருத்துவர் சீட்டு இல்லாமலே கொடுக்கும் ஒன்டான்செட்ரான், டோம்பெரிடோன் ஆகியவையும், சளிக்கு என்று தாராளமாக எழுதப்படும் அசித்ரோமைசினும் அதே க்யூ.டி. இடைவெளியை நீட்டுபவை. மாமா எந்தத் தனியார் மருத்துவரிடம் போனாலும் இந்தச் சிகிச்சையின் அட்டையைக் காட்டிய பிறகே மருந்து வாங்க வேண்டும்.

உமா ப. (மறுமொழி):

நான் இந்த நோயிலிருந்து மீண்டவள். பழைய நீண்ட சிகிச்சையைப் பெற்றவள். தொடக்கத்தில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றில் சில வாரங்கள் இருந்தேன், பிறகு ஊர் சுகாதார நிலையத்தில் ஊசியும் மாத்திரையும். இரண்டு இடங்களையும் பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

மருத்துவமனை வார்டில் யாரும் என்னை ஏற இறங்கப் பார்க்கவில்லை, அங்கே எல்லோருக்கும் இதே நோய். ஊரில் அப்படியில்லை. தினமும் காலையில் சுகாதார நிலையத்தின் வாசலில் நிற்பவள் யார், எதற்காக என்பது இரண்டே வாரத்தில் தெரு முழுவதும் தெரிந்துவிட்டது. என் தங்கையைப் பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் வரவில்லை. ஊர்ச் சிகிச்சையின் சௌகரியத்தைப் பேசுபவர்கள் இந்தச் செலவைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நான் கேட்டுக்கொண்ட பிறகு, வேறோர் ஊர் நிலையத்தில் மாத்திரை வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்தார்கள். அப்படிக் கேட்கலாம் என்பதையே எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

அடுத்தது, மருந்தின் பக்கவிளைவு. நான் சாப்பிட்டவற்றில் சைக்ளோசெரின் என்ற மருந்தும் இருந்தது. தூக்கமில்லாமல், காரணமே இல்லாமல் பிள்ளைகளை அடிக்கும் அளவுக்குக் கோபம் வந்தபோது, உள்ளூரில் அதை மாமியார் மருமகள் சண்டை என்றே எடுத்துக்கொண்டார்கள். மாதாந்திரப் பரிசோதனைக்குப் போன இடத்தில் ஒரு மருத்துவர் இரண்டு கேள்விகள் கேட்டவுடனேயே மருந்துதான் காரணம் என்று கண்டுபிடித்து அளவை மாற்றினார். உங்கள் மாமாவுக்குச் சொல்லும் நான்கு மருந்துகளில் அது இல்லை, நல்லது. ஆனால் உடம்பிலும் மனத்திலும் எது மாறினாலும் அக்காவையே கவனிக்கச் சொல்லுங்கள். மாமா தானாகச் சொல்ல மாட்டார், ஆண்கள் கால் எரிச்சலையும் கண் மங்கலையும் வாய்விட்டுச் சொல்வது அபூர்வம்.

இவ்வளவும் சொன்ன பிறகும், ஊரில் இருந்ததால்தான் நான் சிகிச்சையை முடித்தேன் என்பதே உண்மை. பிள்ளைகளை விட்டுவிட்டு அத்தனை மாதம் சென்னையில் இருக்கச் சொல்லியிருந்தால் பாதியிலேயே ஓடி வந்திருப்பேன்.

பொதுச் சுகாதார மாணவி (மறுமொழி):

உங்கள் பெரியவர்களின் கேள்விக்கு முதலில் விடை தேடப்பட்ட இடம் சென்னைதான் என்பதை அவர்களிடம் சொல்லலாம். இப்போது சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது 1956இல் காசநோய் மருந்துச் சிகிச்சை மையமாகத் தொடங்கப்பட்டது. அங்கே நடந்த முதல் ஆய்வில் சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகள் இரு பிரிவாக்கப்பட்டார்கள். ஒரு பிரிவினர் சானடோரியம் என்ற தங்கிச் சிகிச்சை பெறும் காசநோய் மருத்துவமனையில் நல்ல உணவும் ஓய்வுமாக, மறு பிரிவினர் நெருக்கடியான தங்கள் வீடுகளிலேயே, ஒரே மருந்துகளை ஓராண்டு சாப்பிட்டார்கள். 1959இல் வெளியான முடிவின்படி இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தார்கள். வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. சானடோரியங்களின் காலத்தை முடிவுக்குக் கொண்டுவந்ததில் இந்த ஆய்வுக்குப் பெரும் பங்குண்டு.

அதை அப்படியே மருந்து எதிர்ப்பு நோய்க்குப் பொருத்திவிடக் கூடாது. அந்த நோயாளிகளுக்கு இருந்தது பெரும்பாலும் மருந்துக்குக் கட்டுப்படும் கிருமி. மேலும், "வீட்டுச் சிகிச்சை" என்று அங்கே நடந்ததில் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்து மாத்திரைகளை எண்ணிப் பார்ப்பதும், மருந்து சாப்பிட்டாரா என்று சிறுநீரைச் சோதிப்பதும் அடங்கும். வீட்டில் இருந்தவர் கைவிடப்பட்டவராக இருக்கவில்லை; மருத்துவர் ஐயா வலியுறுத்துவதும் இதையே என்று நினைக்கிறேன்.

மருந்து எதிர்ப்பு நோய்க்கு நெருக்கமான பாடம் தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நடால் மாகாணத்தில் இருக்கிறது. அங்கே துகேலா ஃபெரி என்ற கிராமப்புற ஊரின் மருத்துவமனையில் மிகத் தீவிர மருந்து எதிர்ப்புக் காசநோய் (வழக்கமான மருந்துகளோடு மாற்று மருந்துகள் பலவற்றுக்கும் கட்டுப்படாதது) கண்டறியப்பட்ட 53 பேரில் 52 பேர் இறந்துவிட்டதாக 2006இல் வெளியான ஆய்வு கூறியது. சளி எடுத்த நாளிலிருந்து அவர்களில் பாதிப் பேர் 16 நாட்களுக்குமேல் உயிரோடு இல்லை. பரிசோதிக்கப்பட்ட அனைவருக்கும் எச்.ஐ.வி. தொற்றும் இருந்தது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அதற்கு முன் காசநோய்க்கு மருந்தே சாப்பிடாதவர்கள். மூன்றில் இரு பங்கினர் அண்மையில் மருத்துவமனையில் உள்நோயாளிகளாக இருந்தவர்கள். அதாவது, பலருக்கு நோய் தொற்றியது மருத்துவமனை வார்டிலேயே என்று கருத இடமிருந்தது. காற்றோட்டமில்லாத பொது வார்டு, கிராமத்தில் இருந்தாலும் நகரத்தில் இருந்தாலும், இந்த நோய்க்கு மிக ஆபத்தான இடம். (பெரு நாட்டின் லிமா நகரத்து மருத்துவமனைகளை அளந்து பார்த்த ஓர் ஆய்வில், உயர்ந்த கூரையும் பெரிய சன்னல்களும் கொண்ட பழைய கட்டடங்களே புதியவற்றைவிடக் காற்றோட்டத்தில் சிறந்திருந்தன. நம் ஊர்ப் பழைய அரசுக் கட்டடங்களை இடிக்கத் துடிப்பவர்கள் இதைக் கொஞ்சம் படிக்கலாம்.)

அப்போது குவாசுலு-நடால் மாகாணத்தின் நோயாளிகள் டர்பன் நகர மருத்துவமனையில் கட்டில் கிடைக்கக் காத்திருக்க வேண்டியிருந்தது. தென்னாப்பிரிக்க அரசு 2011இல் சிகிச்சையை மாவட்டங்களுக்கும் வீடுகளுக்கும் பரவலாக்கும் கொள்கையை வகுத்தது. பின்னர் டர்பன் மருத்துவமனையையும் நான்கு கிராமப்புற மையங்களையும் ஒப்பிட்டபோது, கிராமப்புறத்தில் சிகிச்சை விரைவாகத் தொடங்கியது, வெற்றியும் குறையவில்லை. ஆனால் நான்கு மையங்களும் ஒன்றுபோல இல்லை. நிர்வாகம் தளர்ந்த இடத்தில் பலனும் தளர்ந்தது. எனவே "ஊர்ச் சிகிச்சை நல்லதா" என்பதற்குப் பொதுவான விடை கிடையாது. உங்கள் ஊர் நிலையம் எப்படி நடக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

சிகிச்சையைச் சில இடங்களில் மட்டும் குவித்து வைப்பதன் கொடுமைக்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 2016இல் பெடாகுவிலின் நாட்டின் ஆறு மையங்களில் மட்டுமே தரப்பட்டது. பாட்னாவைச் சேர்ந்த 18 வயதுப் பெண்ணுக்கு, அவர் தில்லியில் வசிப்பவர் அல்லர் என்பதைச் சொல்லி அந்நகர மருத்துவமனை ஒன்று மருந்து தர மறுத்தது. தந்தை உயர் நீதிமன்றம் சென்ற பிறகே, 2017 சனவரியில், தருவதாக அரசு ஒப்புக்கொண்டது. அந்தப் பெண் அடுத்த ஆண்டு இறந்துவிட்டார்.

செங்கத்தான் (மறுமொழி):

எல்லோருக்கும் மிக்க நன்றி. மருத்துவர் ஐயா சொன்ன அளவீடுகளை இன்று சுகாதார நிலையத்தில் பார்த்தோம்: மூச்சு 20, ஆக்சிஜன் 97, பி.எம்.ஐ. 17க்குச் சற்று மேல், தானாகவே நடக்கிறார். எனவே திருவண்ணாமலையில் தொடங்குவது என்று முடிவு செய்திருக்கிறோம். எங்கள் நிலையத்தில் இ.சி.ஜி. கருவி இல்லை, ஒன்றியத் தலைமை நிலையத்தில்தான் எடுக்க வேண்டும். இன்னும் இரண்டு கேள்விகள் உள்ளன. தொடங்கும் முன் நான் மாவட்ட மையத்தில் என்னென்ன கேட்டுப் பெற வேண்டும்? 4 வயதுப் பையனை அத்தை வீட்டுக்கு அனுப்பிவிடலாமா?

ஓய்வுபெற்ற எஸ்.டி.எஸ். (மறுமொழி):

தம்பி, மாத்திரை தீர்வதற்கு முன்பே அடுத்த மாத மருந்து நிலையத்துக்கு வந்துவிட்டதா என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். 2023இல் லினிசோலிட், சைக்ளோசெரின் போன்ற மருந்துகளுக்கு நாட்டின் பல இடங்களில் தட்டுப்பாடு வந்தது. அப்போது முன்கூட்டியே கேட்டவர்களுக்குப் பக்கத்து மாவட்டத்திலிருந்தாவது வாங்கித் தர முடிந்தது. இ.சி.ஜி.யும் இரத்தப் பரிசோதனையும் எந்தத் தேதிகளில், எங்கே, யார் பார்த்துச் சொல்வார் என்பதை அட்டையிலேயே எழுதி வாங்குங்கள். பரிசோதனைக்குப் போகும் நாளில் கூலி போகும் என்பதால் மாமா தவிர்க்கப் பார்ப்பார். முடிந்தால் சூளை முதலாளியிடம் நீங்களே ஒரு முறை பேசுங்கள். சிகிச்சை தொடங்காத தொழிலாளியால் அவருடைய சூளையில் மற்றவர்களுக்கும் தொற்றும் என்பதைச் சொன்னால் பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள்.

நெஞ்சக நோய் மருத்துவர் (மறுமொழி):

ஐயா சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மாக்ஸிஃப்ளாக்சசின் வகை மருந்துகளுக்கு எதிர்ப்பு உண்டா என்று அறியும் இரண்டாம் கட்ட ஆய்வக முடிவையும் கேட்டு வாங்க வேண்டும். எதிர்ப்பு இருந்தால் நான்கில் அந்த ஒன்றை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் தொடர்வார்கள். அந்த முடிவுக்காகக் காத்திருந்து தொடக்கத்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

பையனை அனுப்புவதற்கு முன் பரிசோதிக்க வேண்டும். இதுவரை அவன் தந்தையோடு ஒரே அறையில் உறங்கியிருந்தால் கிருமி ஏற்கெனவே அவனுக்குள் போயிருக்கலாம். இப்போது இடம் மாற்றினால் அத்தை வீட்டில் யாரும் அவன் இருமலைக் கவனிக்காமல் போகும் ஆபத்துதான் கூடும். இருமல், காய்ச்சல், எடை கூடாமை ஆகியவற்றைக் கேட்டு, எக்ஸ்ரேயும் எடுத்து, நோய் இல்லை என்று உறுதியானால், தந்தையின் கிருமி மாக்ஸிஃப்ளாக்சசின் வகை மருந்துகளுக்குக் கட்டுப்படுவதாக இருக்கும்பட்சத்தில், தடுப்பு மருந்தாக அதே வகையைச் சேர்ந்த லீவோஃப்ளாக்சசினை 6 மாதங்கள் கொடுக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2024இல் இதைப் பரிந்துரைத்தது. பாட்டிக்கும் அக்காவுக்கும் இதே பரிசோதனைகள் வேண்டும். பயனுள்ள மருந்து தொடங்கிய பின் தொற்றும் தன்மை வேகமாகக் குறையும். அதுவரை மாமா திண்ணையிலோ சன்னல் திறந்த தனி அறையிலோ உறங்கட்டும், வீட்டுக்குள் பேசும்போது முகக்கவசம் அணியட்டும். பையனின் எடையை மாதம் ஒருமுறை குறித்து வைத்து, அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு எப்போது இருமினாலும் முதலில் சளிப் பரிசோதனைக்கே அழைத்துப் போங்கள்.